விசுவாசம் குறைந்ததால் அல்ல

புற்றுநோய் வார்டில் படுத்திருக்கும் ஒரு தாயின் கட்டிலருகே நின்று, "உங்க விசுவாசம் இன்னும் பூரணப்படல சிஸ்டர்" என்று சொல்ல ஒருவருக்கு மனம் எப்படி வருகிறது? சொல்பவர் கெட்டவர் அல்லர். வேலையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அரைமணி நேரம் முழங்காலில் நின்று ஜெபித்தும் இருக்கிறார். தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதைத்தான் அவர் சொல்கிறார். சொல்லிக்கொடுத்தவர்களோடுதான் என் வழக்கு.

அவர்கள் சொல்லிக்கொடுப்பது இதுதான்: உண்மையாக நம்புகிறவனிடம் நோய் தங்காது, கடன் நிற்காது, வேலை தட்டிப்போகாது, பிள்ளைப்பேறு தள்ளிப்போகாது. அப்படி ஏதாவது நடந்தால் காரணம் அவனிடத்தில்தான் இருக்கிறது. மறைவான பாவம் இருக்கும். முன்னோர் சாபம் இருக்கும். தசமபாகம் கொடுத்திருக்க மாட்டான். ஜெபத்தில் சந்தேகம் கலந்திருக்கும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை கிடைக்கிறது. ஆசீர்வாதம், உயர்வு, பெருக்கம், வெற்றி. பாடுகளைப் பற்றிய வசனம் அச்சிட்ட அட்டை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. சுகமளிக்கும் கூட்டங்களில் தொடங்கி, தொலைக்காட்சி ஊழியங்கள் வழியாக வளர்ந்து, இன்று நூறாண்டு கண்ட பழைய சபைகளின் பிரசங்க பீடத்துக்கே இந்தப் போதனை ஏறிவிட்டது. கிறிஸ்தவ விசுவாசம் துன்பத்தில் ஒருவனுக்கு எப்படித் துணையாகிறது என்று கேட்டால், துன்பத்தை எடுத்துப்போடுவதன் மூலம் என்ற ஒரே பதில்தான் வருகிறது.

இந்தப் பதில் பொய். வேதத்துக்கு விரோதமானது. ஏற்கெனவே நொந்து கிடப்பவர் மேல் குற்றவுணர்வு என்ற இரண்டாவது நோயை ஏற்றுவது. விசுவாசம் துன்பத்தில் உதவுவதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நானும் விசுவாசிதான்; அது உதவுவதைக் கண்ணால் கண்டவன். அந்த உதவி எத்தகையது என்பதை இந்தப் போதனை நம்மிடமிருந்து மறைத்துவிட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் அந்தச் சாட்சி மேடையைப் பாருங்கள். கூட்டத்தின் உச்சத்தில், சுகம் பெற்றவர்கள் முன்னால் வரும்படி அழைக்கப்படுகிறார்கள். மைக் கொடுக்கப்படுகிறது. ஊன்றுகோலை உயர்த்திப் பிடிக்கிறார்கள். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்கிறது. மைதானத்தில் அதே இரவு, அதே ஜெபத்தை, அதே கண்ணீரோடு ஏறெடுத்து, வந்தபடியே வீல்சேரில் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை. பல ஆண்டுகளாக இப்படிச் சாட்சிகள் ஒரு பக்கத்திலிருந்தே கேட்கப்பட்டதால், சுகமாவதே விசுவாசத்தின் இயல்பு, சுகமாகாதிருப்பது விதிவிலக்கு என்று ஜனங்கள் நம்பிவிட்டார்கள். தேவன் சுகமாக்குகிறார் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் சுகமானவர்களின் வாயை மட்டும் திறந்துவிட்டு, மற்றவர்களின் வாயை அடைத்துவிட்டு உருவாக்கிய சித்திரத்தை நற்செய்தி என்று ஏற்க என்னால் முடியாது.

வேதத்துக்கு வருவோம். இந்தப் போதனை வேதத்தில் இல்லாமல் இல்லை. யோபுவின் புத்தகத்தில் இருக்கிறது. எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் அத்தனை அதிகாரங்களில் மாறிமாறிச் சொல்வது இதைத்தான்: நீதிமான் அழிவதில்லை, நீ அழிகிறாய் என்றால் எங்கோ தவறு செய்திருக்கிறாய், ஒப்புக்கொள், எல்லாம் திரும்பக் கிடைக்கும். பக்தியான பேச்சு. தனித்தனியாக எடுத்து வாசித்தால் பிரசங்கத்துக்கு ஏற்ற வரிகள்கூட அவற்றில் உண்டு. கடைசி அதிகாரத்தில் தேவன் கோபம்கொள்வது யார்மேல்? தன்னோடு சண்டையிட்ட, பிறந்த நாளைச் சபித்த, நியாயம் கேட்டு வழக்காடிய யோபுவின்மேல் அல்ல. தன் சார்பாக அழகாக வாதாடிய அந்த நண்பர்கள்மேல். யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று.

"யோபுவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்ததே" என்பார்கள் உடனே. நம் ஊரில் யோபுவைப் பற்றி நடக்கும் பத்துப் பிரசங்கங்களில் ஒன்பது அங்கேதான் போய் முடியும். வரிசையைக் கவனியுங்கள். யோபு பேசியதே சரி என்ற தீர்ப்பை தேவன் சொன்னபோது யோபு இன்னும் சாம்பலில்தான் உட்கார்ந்திருந்தான். சிறையிருப்பு மாறியது அதற்குப் பிறகு. அவன் நீதிமான் என்பதற்கு ஆடுமாடுகள் சாட்சியாகத் தேவைப்படவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின. 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகள்? முன்பு ஏழு மகன்களும் மூன்று மகள்களும். பின்பும் ஏழு மகன்களும் மூன்று மகள்களுந்தான். இறந்த பத்துப் பேரும் திரும்பி வரவில்லை. ஒரு பிள்ளையைப் புதைத்த தாயிடம் போய், அடுத்த பிள்ளை பிறந்ததும் கணக்கு நேராகிவிட்டதா என்று கேட்டுப் பாருங்கள். அவள் முகத்தைப் பார்த்த பிறகும் "இரட்டிப்பு" என்று பிரசங்கிக்கத் துணிகிறவர் யாராவது இருந்தால் அவரோடு எனக்குப் பேச்சில்லை.

இயேசு சுகமாக்கினாரே, உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது என்று பலரிடம் சொன்னாரே என்று கேட்கலாம். அவர்கள் தரப்பில் இதுதான் பலமான வாதம். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் வாடிய பெண்ணிடம் அப்படித்தான் சொன்னார். அந்தப் பெண்ணை ஊர் தீட்டென்று ஒதுக்கியிருந்தது. அவர் அவளை மகள் என்று அழைத்து, எல்லார் முன்னிலையிலும் அவளுடைய விசுவாசத்தைப் பாராட்டினார். அது ஒதுக்கப்பட்டவளுக்குக் கிடைத்த மரியாதை. அதைப் பிடுங்கி, சுகமாகாத இன்னொரு பெண்ணை ஒதுக்குவதற்கான அளவுகோலாக்கியது நாம்.

மற்ற சம்பவங்களையும் சேர்த்து வாசியுங்கள். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யார் என்றே தெரியாது. நாயீன் ஊர் வாசலில் பாடையைத் தொட்டு இளைஞனை எழுப்பினார். அந்த விதவை அவரிடம் எதையும் கேட்கவே இல்லை, அழுதுகொண்டு மட்டும் போனாள். கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் விஷயத்தில் அவர் கண்டதாகச் சொல்லப்படுவது தூக்கி வந்தவர்களின் விசுவாசம். வலிப்பு நோயால் துடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன், நம்புகிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கு உதவி கேட்டு அழுதான். சந்தேகம் கலந்த ஜெபம் அது. ஒளிக்காமல் உரக்கச் சொல்லப்பட்ட சந்தேகம். மகன் பிழைத்தான். விசுவாசத்தை அளந்து பார்த்து அளவுக்கேற்ப சுகம் கொடுத்த இயேசுவைச் சுவிசேஷங்களில் நான் தேடிப் பார்த்தேன். அவர் அங்கே இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்று முடித்துவிட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எருசலேமிலிருந்த மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தையே கண்டித்தார். முன்னோர் சாபத்தைத் தேடி வம்சாவளியைக் கிளறுகிறவர்கள் இந்த இரண்டு பகுதிகளையும் எந்த நாளில் வாசிக்கிறார்கள்?

பவுலின் கதை இதைவிடத் தெளிவு. தன் மாம்சத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். நீங்கவில்லை. எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போய்த்தான் பிழைத்தான். துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் தம் கடைசிக் கடிதங்களில் ஒன்றில் எழுதுகிறார். அடிக்கடி உடல்நலமில்லாமல் போகும் தீமோத்தேயுவுக்கு அவர் சொன்னது வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி, அதாவது வைத்தியம். பவுலின் துண்டுத்துணிகளைக் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டதும் அவர்கள் குணமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அப்படிப்பட்டவருடைய சொந்த வட்டத்திலேயே இத்தனை நோயாளிகள். யாரிடமும் அவர் விசுவாசக் குறைவைத் தேடியதாக ஒரு வரிகூட இல்லை.

எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல். சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், பட்டயத்துக்குத் தப்பினார்கள் என்று ஏறிக்கொண்டே போய், 35ஆம் வசனத்தின் நடுவில் திடீரென்று திரும்புகிறது. வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், ஆட்டுத்தோல் போர்த்துக் குகைகளில் அலைந்தார்கள். தப்பினவனும் தப்பாதவனும் ஒரே பட்டியலில், ஒரே விசுவாசத்தின்பேரில் நற்சாட்சி பெற்றவர்கள். பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்த வசனத்தின் முதல் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

இது வெறும் வேத வியாக்கியானச் சண்டையாக இருந்தால் நான் இவ்வளவு சூடாக எழுதியிருக்க மாட்டேன். மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று நம்பி இன்சுலினை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். வட்டிக்கு வாங்கி விதைக் காணிக்கை போட்டு, அறுவடைக்குக் காத்திருந்து, கடன்காரன் வாசலில் நிற்கும்போது, கொடுத்ததில் மனமுவந்து கொடுக்கவில்லையோ என்று தங்களையே குடைந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கொடுமை மனநோயாளிகளுக்கு நடப்பது. மனச்சோர்வில் எழுந்திருக்கவும் முடியாமல் கிடக்கும் இளம்பெண்ணைப் பிசாசு பிடித்தவள் என்று சொல்லி, உபவாச ஜெபத்தில் சுற்றி நின்று சத்தமிடுகிறார்கள். சத்தம் ஓய்ந்தபின் அவள் இன்னும் சோர்வாக இருந்தால், அவள் சாத்தானோடு ஒத்துழைக்கிறாள் என்ற பழியும் சேர்கிறது. உயிரோடு இருப்பதா வேண்டாமா என்ற எண்ணத்தோடு போராடுகிற ஒருத்தியின் தலையில் வைக்கிற பாரமா இது?

நம் மூதாதையரான கிறிஸ்தவர்கள் இப்படி நினைக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையம் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நோயாளியைத் தனியே பூட்டிவைக்காமல் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்து சிகிச்சையளித்த இடம் அது. ஜெபமும் மருந்தும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. இன்று அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் சபைகளிலேயே மனநல மருத்துவரிடம் போவதை விசுவாசத் துரோகம்போல் மறைக்க வேண்டியிருக்கிறது.

வேலூர் என்றதும் டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்லாமல் போக முடியாது. கேரளத்துப் பெண், வேலூரில் படித்து அங்கேயே மருத்துவரானவர். 1954இல் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: ஒரு கல்லூரி முழுவதும், ஒரு மருத்துவமனை முழுவதும், ஊரிலிருந்த குடும்பம் முழுவதும். அவர் மறுபடி நடக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறைகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடி செய்யலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியும் செய்யலாம். மேரி வர்கீஸ் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். தன் கால்கள் அசையாத ஒரு பெண், ஊர் தொட அஞ்சிய கைகளை எடுத்து மடியில் வைத்துத் திறக்கவைத்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமையேற்று, முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கான மறுவாழ்வு நிலையத்தைக் கட்டியெழுப்பினார். மரத்திலிருந்து விழுந்த பனையேறியும் கிணற்றில் விழுந்த கூலியாளும், இனி அவ்வளவுதான் என்று வீட்டார் மூலையில் கிடத்தியிருந்தவர்கள், அங்கே வந்து தங்களைப்போலவே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரைக் கண்டார்கள். 1972இல் பத்மஸ்ரீ வந்தது. 1986இல் காலமானார்.

அவர் எழுந்து நடந்திருந்தால் ஒரு மேடைக்கு அது அருமையான சாட்சி. நடக்காததால் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி பிறந்தது. அதற்காகத்தான் தேவன் அந்த விபத்தை அனுமதித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்த யோபுவின் நண்பர்களின் இன்னொரு வகைப் பேச்சு. முறிந்தது முறிந்ததுதான், அது நல்லதல்ல. விசுவாசம் மேரி வர்கீஸுக்குக் காலைத் தரவில்லை. ஆனால் காலில்லாத தன் வாழ்க்கை வீணானது என்ற தீர்ப்பை ஏற்க மறுக்கும் பலத்தைத் தந்தது. அதையும் அவர் தனியாகப் பெறவில்லை. பால் பிராண்ட் இருந்தார், செவிலியர் இருந்தார்கள், புரட்டிப் படுக்கவைத்தவர்கள், குளிப்பாட்டியவர்கள், நாற்காலியைத் தள்ளியவர்கள் இருந்தார்கள். சபை என்றால் அதுதான்.

நெல்லைச் சீமையில் டோனாவூர் இருக்கிறது. கோயில்களுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்ட பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்தான். ஏறக்குறைய இருபது வருஷம் வலியோடு. அந்தப் படுக்கையிலிருந்துகொண்டே புத்தகம்மேல் புத்தகம் எழுதினார். அவரை அம்மா என்று கூப்பிட்டு வந்து நின்ற பிள்ளைகளில் யாராவது, அம்மாவுக்கு விசுவாசம் போதவில்லை என்று நினைத்திருப்பார்களா? இன்று அதே தெற்கத்திச் சீமையில் நடக்கும் ஆசீர்வாதக் கூட்டங்களின் கணக்குப்படி பார்த்தால் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

விசுவாசம் செய்யும் முதல் உதவி என்று நான் எதைச் சொல்வேன்? அழ விடுகிறது. தேவனுடைய முகத்துக்கு நேரே அழ விடுகிறது. சங்கீதங்களில் புலம்பல்கள் எத்தனை என்று பாருங்கள். துதியின் புத்தகம் என்று சொல்லப்படுவதில் அவ்வளவு கண்ணீர். எதுவரைக்கும், ஏன் மறந்தீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரமாவது வரும் என்று பார்த்தால் வராது. அதையும் ஆராதனைப் புத்தகத்திலிருந்து யாரும் வெட்டி எறியவில்லை. புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. சிலுவையில் இயேசு, தன்னை ஏன் கைவிட்டீர் என்று தன் தேவனிடமே கேட்டார். லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறவர் கல்லறைக்குப் போகும் முன் அழுதார்.

நம் துக்க வீடுகளில் என்ன நடக்கிறது? பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினால், "அழாதீங்க, அவங்க கர்த்தரோட சமூகத்துக்குப் போயிருக்காங்க, சாட்சி கெட்டுப்போகும்" என்று வாயை மூடவைக்கிறார்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்று பவுல் எழுதியதை, துக்கிக்கவே வேண்டாம் என்று வாசித்துக்கொண்டோம். தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒப்பாரியைச் சபை பறித்தது; அதன் இடத்தில் வைக்க வேதமே கொடுத்திருந்த புலம்பலையும் கொடுக்கவில்லை. பிரேதத்தின் முன் கையில் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விதவைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த அடக்கத்தை விசுவாசம் என்று புகழ்ந்தவர்கள், அதற்குப்பின் அந்த விதவைகள் உறங்காமல் கழித்த இரவுகளைப் பார்க்கவில்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் யாத்திரிகர் கூட்டம் நிரம்பியிருந்தது; பூசை முடிந்து கடற்கரைக்குப் போனவர்களைக் கடல் கொண்டுபோனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். குமரிக் கரையில் கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி என்று மீனவக் கிறிஸ்தவ ஊர்கள் சிதைந்தன. வேளாங்கண்ணிக் கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்பதை அதிசயமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதை யார் காதில் விழச் சொல்கிறோம்? அந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்து, பிள்ளையைக் கரையில் பறிகொடுத்துவிட்டுப் போன தகப்பனின் காதிலும் அது விழுகிறது. கட்டடத்தைக் காத்த கடவுள் என் மகனைக் காக்கவில்லை என்றுதானே அவனுக்கு அது அர்த்தமாகும்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் பண்டிகை. மட்டக்களப்பு சீயோன் சபையில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பு முடிந்து முற்றத்தில் நின்ற நேரத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு செபஸ்தியார் கோயிலிலும் அதே காலையில். இலங்கை முழுவதும் அன்று 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். விசுவாசம் ஆபத்தை விலக்கும் என்ற போதனையோடு அந்த முற்றத்தில் போய் நிற்க முடியுமா? வருஷத்தின் மிகப் பரிசுத்தமான நாளில், ஆலய வளாகத்துக்குள், வேதபாடம் படித்துவிட்டு வந்த குழந்தைகளிடம் என்ன குறையைத் தேடுவீர்கள்? அங்கே வாயை மூட வேண்டிய போதனை எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது.

இதைப் படிக்கும் பகுத்தறிவாளர் ஒருவர், நாங்கள் முன்பே சொன்னதுதானே என்பார். கடவுள் எதையும் மாற்றுவதில்லை, நம்பிக்கை என்பது வலியை மறக்கச் செய்யும் மயக்கம், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். அவரும் ஆசீர்வாதப் பிரசங்கியும் ஒன்றில் உடன்படுகிறார்கள்: துன்பத்தை நீக்கினால்தான் விசுவாசத்துக்கு மதிப்பு. நீக்குகிறது என்கிறார் ஒருவர். நீக்கவில்லை, ஆகவே பொய் என்கிறார் மற்றவர். மயங்கிக் கிடப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில் சிக்கி, கடலுக்குப் போனவர்கள் திரும்பாதபோது குமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள் செய்தது எனக்குத் தெரியும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராகக் கோயில் வளாகங்களில் கூடினார்கள். யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்று பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். காணாமல்போனவர்களைத் தேடும்படி அரசிடம் கேட்டு, பங்குத்தந்தையர் முன்னே நடக்க, ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலை சொன்ன அதே பெண்கள்தான் தண்டவாளத்திலும் இருந்தார்கள். எதுவரைக்கும் என்று தேவனிடம் கேட்கப் பழகியவர்களுக்கு அதே கேள்வியை அரசிடம் கேட்பது புதிதல்ல.

அப்படியானால் சுகத்துக்காக ஜெபிக்கவே வேண்டாமா? ஜெபிக்க வேண்டும். கேட்க வேண்டும், அழுத்திக் கேட்க வேண்டும். கெத்செமனேயில் இயேசு மூன்று முறை கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் மூன்று முறை கேட்டார், முள் நீங்கவில்லை. இருவரும் கேட்டது தவறு என்று யாரும் சொல்லவில்லை. கிடைக்காதபோது அவர்களிடம் குறை இருந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. கேட்கிற உரிமை பிள்ளைக்கு உண்டு. கிடைக்காதபோது பிள்ளை என்கிற நிலை பறிபோவதில்லை. கெத்செமனேயில் அவர் சீஷர்களிடம் கேட்டது ஒன்றுதான்: கூட இருந்து விழித்திருங்கள் என்று. விளக்கம் சொல்லும்படி கேட்கவில்லை. அவர்கள் தூங்கிவிட்டார்கள்.

ஆகவே போதகர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சுகமாகாதவர்களுக்குக் கொடுங்கள். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை போகிறவரை, பக்கவாதத்தில் கிடக்கும் கணவரைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் அக்காவை, மகன் தூக்குப்போட்டுக்கொண்டபின் சபைக்கு வர வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே எழுந்து போய்விடும் அந்தத் தகப்பனை மேடைக்கு அழையுங்கள். என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் எப்படி இருந்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல வார்த்தை வராவிட்டால் வராமல் நிற்கட்டும். சபை உட்கார்ந்து காத்திருக்கட்டும். அவர்கள் சொல்லி முடித்ததும் அவசரப்பட்டு ஒரு வாக்குத்தத்த வசனத்தை எடுத்து மேலே போட்டு மூடிவிடாதீர்கள். திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு அவரோடு யார் போவது, அந்த அக்கா ஓர் இரவாவது தூங்க அவர் வீட்டில் யார் தங்குவது என்பதை அந்த ஆராதனை முடிவதற்குள் அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள்.